உடல் இளைக்க ஓர் அறுவை. உள்ளம் தேற ஒரு துணை

நோயுற்றவர்களிடம் இரக்கம் காட்டுவதைத் தர்மமாகக் கருதும் நம் சமூகம், உடல் பருத்தவர்களிடம் மட்டும் அந்த இரக்கத்தைக் காட்டத் தயங்குகிறது. காசநோய் கண்டவரைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. ஆனால் 120 கிலோ எடையுள்ள பெண்மணி ஒருவர் பேருந்துப் படியில் காலெடுத்து வைக்கத் திணறும்போது, பின்னால் நிற்பவர்களிடையே ஒரு சிரிப்பு எழுந்து அடங்குகிறது. வாயைக் கட்டினால் வயிறு தானே அடங்கும் என்ற உபதேசம் உற்றார் உறவினரிடமிருந்து நாள்தோறும் வந்து சேர்கிறது. அந்தப் பரிகாசத்தையும் இந்த உபதேசத்தையும் ஆண்டுக்கணக்கில் பொறுத்து, பட்டினி கிடந்து பத்துக் கிலோ இளைத்து, ஆறே மாதங்களில் பதினைந்து கிலோ கூடி, மனம் சலித்துப் போன ஒருவர் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்போது, இரண்டு விதமான பேச்சுக்கள் அவர் காதில் விழுகின்றன. முயற்சி செய்ய மனமில்லாத சோம்பேறிகள் தேடும் குறுக்கு வழி இது என்பது ஒன்று. ஒரு முறை மயக்க மருந்து வாங்கிப் படுத்து எழுந்துவிட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை என்பது மற்றொன்று.

இரண்டுமே உண்மைக்குப் புறம்பானவை. பேரியாட்ரிக் சர்ஜரி என்று மருத்துவமனைகளில் வழங்கும் இந்த அறுவை நடந்து முடிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். ஆனால் அதற்குத் தேகத்தையும் மனத்தையும் ஆயத்தம் செய்யச் சில மாதங்கள் வேண்டும். அது விதிக்கும் நியமங்களை அனுசரித்து வாழ்வதோ ஆயுள் முழுவதற்குமான காரியம். இவ்வளவையும் தனியொருவராய்ச் சுமப்பது மிகவும் கடினம். ஆகையால் துணையைத் தேடிக்கொள்வது பலவீனத்தின் அடையாளமன்று, சிகிச்சையின் பிரிக்கமுடியாத ஓர் அங்கம் என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

பருமன் ஒழுக்கக் குறைவன்று

உணவைக் குறைத்து எடையைக் குறைத்தவர்களில் பெரும்பாலோர், இழந்த எடையைச் சில ஆண்டுகளுக்குள் மீண்டும் அடைகிறார்கள். அவர்களுக்கு மனோதைரியம் போதாது என்று தீர்ப்புக் கூறுவது எளிது; ஆனால் உடலின் இயல்பை அறிந்தவர்கள் அப்படிக் கூறமாட்டார்கள். எடை குறையக் குறைய, உடல் அதைப் பஞ்சம் வந்ததாகவே கருதுகிறது. பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. போதும் என்ற உணர்வைத் தரும் சுரப்புகள் குறைகின்றன. சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியும் சுருங்குகிறது. இரைப்பையின் மேற்பகுதியில் மிகுதியாக உண்டாகும் க்ரெலின் என்ற பசிச் சுரப்பை 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த பிறகு, பசியென்பது வெறும் மனத்தின் ஆசை என்ற பழைய அபிப்பிராயம் மேலும் வலுவிழந்தது.

அறுவையின் சரித்திரம் இதற்கும் முந்தியது. வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த நோயாளிகள் பின்னர் எடை கூடாமலே இருப்பதைக் கவனித்த அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் மேசன், ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1966-இல் முதல் இரைப்பை பைபாஸ் அறுவையைச் செய்தார். அறுவைக்குப் பின் நீரிழிவு நோயாளிகள் பலருடைய இரத்தச் சர்க்கரை, எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சீராகிவிடுவதை வட கரோலினாவைச் சேர்ந்த வால்டர் போரீஸும் அவருடைய சகாக்களும் கண்டு, 1995-இல் வெளியிட்டபோது மருத்துவ உலகம் வியந்தது. சுவீடனில் 1987-இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் அதிகமானோரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆராய்ச்சி, அறுவை செய்துகொண்டோரிடையே மரண விகிதம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததை 2007-இல் தெரிவித்தது. அழகுக்காகச் செய்யும் காரியம் என்று இதை ஒதுக்க இயலாமற்போனது இவ்வாறுதான்.

இன்று மிகுதியாகச் செய்யப்படுபவை இரண்டு முறைகள். ஸ்லீவ் என்ற முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்பட, எஞ்சுவது ஒரு வாழைப்பழத்தின் வடிவத்தில் குறுகிய குழாயாக நிற்கிறது. பசிச் சுரப்பு உண்டாகும் பகுதியும் பெரும்பாலும் அகற்றப்பட்டதோடு போய்விடுகிறது. பைபாஸ் என்ற முறையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாக இரைப்பையின் மேல்நுனியைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதி ஒன்றோடு நேரே இணைக்கிறார்கள். இரண்டும் லேப்ராஸ்கோப்பி கருவிகளைக் கொண்டு சிறு துளைகள் வழியே செய்யப்படுபவை. தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்ஷனுக்கும் இவற்றுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

யாருக்கு இது உரியது?

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணையே மருத்துவர்கள் பி.எம்.ஐ. என்கிறார்கள். 1.60 மீட்டர் உயரமும் 100 கிலோ எடையும் உடையவருக்கு அது ஏறத்தாழ 39. மேல்நாட்டில் 1991-இல் வகுத்த விதிப்படி 40-க்கு மேலும், நீரிழிவு போன்ற நோய்கள் கூடவே இருந்தால் 35-க்கு மேலும் உள்ளவர்கள் அறுவைக்கு உரியவர்களாகக் கருதப்பட்டார்கள். ஆனால் இந்தியர்களின் தேகத்தில் குறைந்த எடையிலேயே கொழுப்பு மிகுந்து வயிற்றைச் சுற்றிச் சேருவதால், நம் நாட்டு வல்லுநர்கள் 2009-இல் 37.5 என்றும், உடன்நோய் இருந்தால் 32.5 என்றும் எல்லையைத் தாழ்த்தினார்கள். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் நூறு பெண்களில் நாற்பது பேரும், நூறு ஆண்களில் முப்பத்தேழு பேரும் அளவுக்கு மீறிய எடையுடையவர்கள் என்று கணக்கிட்டிருப்பதைப் பார்த்தால், இது யாரோ சிலருடைய விசாரம் அன்று என்பது விளங்கும். அவர்களில் மிகச் சிறு பகுதியினருக்கே அறுவை அவசியம். மற்றவர்களுக்கு உணவும் உழைப்பும் மருந்துமே போதும்.

காப்புறுதி வைத்திருப்போர் மற்றொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் விதிகளில் பி.எம்.ஐ. 40-ம், அல்லது கடுமையான உடன்நோய்களோடு 35-ம் என்ற வரம்பே காணப்படுகிறது. மருத்துவர் தகுதி என்று சொன்ன ஒருவருக்குக் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுப்பதற்கு இந்த வேற்றுமை காரணமாகலாம். ஆகவே காத்திருப்புக் காலம் எவ்வளவு, எந்தெந்தச் சான்றுகள் வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது ஜாக்கிரதையானவர் செய்யும் காரியம்.

தேகத்தை ஆயத்தம் செய்தல்

நாள் குறிப்பதற்கு முன் நடைபெறும் பரிசோதனைகளை வீண் செலவு என்று எண்ணி முணுமுணுப்பவர்கள் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. வாய் வழியே குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, அங்கே புண்ணோ கிருமியோ இருந்தால் காட்டிக்கொடுக்கும். உரக்கக் குறட்டை விடுபவருக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் மறைந்திருக்கக் கூடும். அதை முன்பே கண்டறிந்து, இரவில் காற்றைச் செலுத்தும் கருவியைச் சில வாரங்கள் பழக்கிவிட்டால் மயக்க மருந்தின் அபாயம் குறைகிறது. தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, இருதயத்தின் நிலை, பித்தப்பையில் கல், இரும்பு மற்றும் பி12, டி வைட்டமின்களின் அளவு ஆகிய யாவும் பார்க்கப்படுகின்றன. அளவுக்கு மீறி உண்பவருக்குச் சத்துக் குறைவு இருக்காது என்று நாம் நினைப்பது தவறு. பருத்த சரீரத்திலும் வைட்டமின் வறட்சி சாதாரணமாகக் காணப்படுகிறது.

புகைபிடிப்பவர் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்னரே அதை அறவே விட்டுவிட வேண்டும். புகை காயம் ஆறுவதைத் தடுப்பதோடு, பைபாஸுக்குப் பின் இணைப்பில் புண்ணையும் உண்டாக்கும். எடையைக் குறைக்க இந்நாளில் போட்டுக்கொள்ளும் செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துபவை. ஆதலால் மயக்க மருந்து நிபுணரிடம் அவற்றைப் பற்றி மறைக்காமல் சொல்வது அவசியம்.

அறுவைக்கு முந்திய இரண்டு வாரங்களில் மாவுப் பண்டமும் சர்க்கரையும் மிகக் குறைந்து, புரதம் மிகுந்த, நாளொன்றுக்கு 800 முதல் 1,000 கலோரி அளவிலான ஆகாரம் விதிக்கப்படுகிறது. பருத்தவர்களின் கல்லீரல் கொழுப்பேறி வீங்கி, இரைப்பையின் மேல் கவிந்திருக்கும். அதை விலக்கிப் பிடித்துக்கொண்டுதான் மருத்துவர் வேலை செய்ய வேண்டும். இந்த இரண்டு வாரப் பத்தியம் கல்லீரலைச் சுருங்கச் செய்து, அறுவையை எளிதாக்குகிறது. இனி வயிறு நிறையச் சாப்பிட முடியாதே என்ற ஏக்கத்தில் விருந்துகளுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தீர்க்கிறவர், தம் உயிரைத் தாமே அபாயத்திற்கு உள்ளாக்குகிறார். நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் இப்பத்தியத்தை மருத்துவரின் மேற்பார்வையிலன்றித் தாமாகத் தொடங்கலாகாது. சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும்.

மனத்தை ஆயத்தம் செய்தல்

மனநல ஆலோசகரைப் பார்த்து வாருங்கள் என்று மருத்துவர் சொன்னவுடன், எனக்கென்ன பைத்தியமா என்று கோபிப்பவர்களை நாம் குறைகூற முடியாது. அந்தச் சொல்லைச் சுற்றி அவ்வளவு அச்சத்தை நாம் வளர்த்து வைத்திருக்கிறோம். ஆலோசகர் கேட்பது மிக எளிய கேள்விகளே: எப்போது உண்கிறீர்கள், எதற்காக உண்கிறீர்கள், உண்ட பின் எப்படி உணர்கிறீர்கள்? பசிக்காக மட்டுமே உண்பவர்கள் நம்மில் அரிது. கணவனோடு பேச்சு முற்றிய இரவில் சமையலறையில் நின்றபடி மிக்சர் டப்பாவைக் காலி செய்பவரும், அலுவலகத்தில் அவமானப்பட்ட மாலையில் இரண்டு பிளேட் பரோட்டாவில் ஆறுதல் காண்பவரும், தம்மை அறியாமலே உணவை ஒரு மருந்தாக்கிக்கொண்டவர்கள். அறுவை அந்த மருந்தை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது. துக்கமோ அப்படியே இருக்கிறது. அதற்கு வேறொரு வடிகாலை முன்னதாகவே வெட்டி வைக்காவிட்டால், மனம் தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு மது மிக விரைவில் இரத்தத்தில் ஏறுகிறது என்பதும், அவர்களில் சிலர் இரண்டாம் ஆண்டளவில் குடிப்பழக்கத்திற்கு ஆளாகிறார்கள் என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்த உண்மைகள். மனச்சோர்வு முற்றித் தம்மையே மாய்த்துக்கொள்ள எண்ணுவோரும் சிலர் இருக்கக் காண்கிறோம். ஆகையால் மன ஆலோசனையை ஒரு சடங்காகக் கருதி நல்ல பதில்களைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது, தமக்குத் தாமே செய்துகொள்ளும் வஞ்சனை.

பழக வேண்டிய காரியங்களும் உண்டு. ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று விழுங்குதல், ஒரு வேளை உணவுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுதல், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி கழித்துச் சிறுகச் சிறுகக் குடித்தல் ஆகியவற்றை அறுவைக்குப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடலாகாது. சாம்பார், ரசம், மோர் என்று சோற்றைக் கரைத்து விரைவாக உள்ளே அனுப்பும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு இப்பயிற்சி எளிதன்று.

அருகிருப்பவரின் பங்கு

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிலிருந்து பேணுபவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் முடிவில் வகுத்திருக்கிறார். முதல் மூன்றுக்கும் இலட்சக்கணக்கில் செலவழிக்கத் தயங்காத நாம், நான்காவதைத் தானாக வந்து சேரும் என்று விட்டுவிடுகிறோம்.

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்ற குடும்பத் தலைவி இருந்தார். நகரச் சுகாதார இலாகா நடத்திய பருமன் சிகிச்சை நிலையத்திற்கு 1961-இல் சென்ற அவருக்கு அங்கே நல்ல உணவுத் திட்டம் கிடைத்தது; ஆனால் இரகசியமாகப் பிஸ்கோத்து தின்னும் தம் பழக்கத்தை அங்கே மனம்விட்டுச் சொல்ல அவருக்கு நாவெழவில்லை. ஆகவே தம்மைப் போலவே பருத்த ஆறு சிநேகிதிகளை வீட்டுக்கு அழைத்து, அவர்களிடம் அதைச் சொன்னார். அவர்களும் தத்தம் இரகசியங்களைச் சொன்னார்கள். வாரந்தோறும் கூடிய அந்தச் சிறு கூட்டம் 1963-இல் வெயிட் வாட்சர்ஸ் என்ற ஸ்தாபனமாகிப் பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது. அவர் அறுவை செய்துகொண்டவர் அல்லர். ஆயினும் நோயாளிக்கு வேண்டியது உணவு அட்டவணை மட்டுமன்று, வெட்கப்படாமல் பேசக்கூடிய ஓரிடமும்தான் என்ற உண்மையை அவர் வாழ்க்கை நன்கு விளக்குகிறது.

இந்த அறுவைகளை நிறையச் செய்யும் மருத்துவமனைகள் பல, அறுவை முடிந்தவர்களையும் அதற்குக் காத்திருப்பவர்களையும் ஒன்றுகூட்டிச் சந்திப்புகள் நடத்துகின்றன. தொடர்ந்து அவற்றுக்கு வருபவர்கள் கூடுதலாக எடை குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊக்கமுடையவர்களே வருகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். எனினும் மூன்றாம் மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும்போது, பயப்படாதே, எனக்கும் இப்படித்தான் உதிர்ந்து பிறகு வளர்ந்தது என்று அதே அனுபவம் உடைய ஒருத்தி சொல்லும் சொல்லுக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது, அறுவைக்குப் பின் எத்தனை ஆண்டுகள் கவனிப்பீர்கள், உணவியல் நிபுணரும் மன ஆலோசகரும் உங்கள் குழுவில் இருக்கிறார்களா, இதற்கு முன் செய்துகொண்ட சிலரோடு பேச ஏற்பாடு செய்வீர்களா என்று கேட்பது நோயாளியின் உரிமை. பதில் மழுப்பலாக வந்தால் வேறிடம் பார்ப்பதே உத்தமம்.

குடும்பத்தாரின் பொறுப்பு இன்னும் பெரிது. நம் நாட்டில் அன்பு பெரும்பாலும் உணவின் உருவத்திலேயே வெளிப்படுகிறது. இன்னும் ஒரு தோசை போட்டுக்கொள்ளம்மா என்று அத்தை சொல்லும்போது அவள் பரிமாறுவது பிரியத்தை; மறுப்பவள் அந்தப் பிரியத்தையே மறுப்பதாகப் பொருள்படுகிறது. கல்யாணப் பந்தியில் இரண்டு கரண்டியோடு இலையை மடிக்கிறவரை உறவினர் சும்மா விடுவதில்லை. ஆகையால் உடன் வரும் கணவனோ மனைவியோ தாயோ, உணவியல் நிபுணரின் ஆலோசனைகளை அருகிலிருந்து கேட்டு, வீட்டிலும் வெளியிலும் இவருக்காகப் பேச முன்வர வேண்டும். வீட்டுச் சமையலே மாறினால் ஒருவருக்கு மட்டும் தனிப் பத்தியம் என்ற தண்டனை உணர்ச்சி எழாது. தாம்பத்தியத்திலும் மாறுதல் வரக்கூடும். இளைத்துத் தன்னம்பிக்கை பெற்ற மனைவியைக் கண்டு மனம் குன்றும் கணவனும் உண்டு. அதையும் முன்கூட்டியே பேசித் தெளிவது நன்று. விஷயத்தை எவரிடம் சொல்வது, எவரிடம் சொல்லாமலிருப்பது என்பதோ நோயாளியின் சுதந்திரம். அலுவலகம் முழுவதற்கும் அறிவிக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

அறுவைக்குப் பின்

பெரும்பாலோர் அறுவை நடந்த அன்றே எழுந்து நடக்கவைக்கப்படுகிறார்கள். கால் நாளங்களில் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்காமலிருக்க அதுவே நல்ல தடுப்பு. உணவு படிப்படியாகத் திரும்புகிறது. முதலில் வடிகட்டிய ரசமும் பருப்புத் தண்ணீரும் நீர்மோரும். பிறகு கூழாக மசித்த பருப்பும் முட்டையும். அதன்பின் மென்மையான பன்னீரும் ஆவியில் வெந்த மீனும். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வழக்கமான உணவு, மிகச் சிறிய அளவில். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராமே என்பதால், சோற்றை மையமாகக் கொண்ட நம் சாப்பாட்டில், அதிலும் சைவ உணவினருக்கு, இதை நிறைவேற்றத் திட்டம் தேவை. வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தொடர வேண்டியவை. பைபாஸ் செய்தவர்கள் மூட்டுவலிக்குக் கடையில் கிடைக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது. எடை இறங்கியதும் கருத்தரிக்கும் திறன் எதிர்பாராமல் மீளும் என்பதால், பெண்கள் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தள்ளிவைத்தல் நலம். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

அனுபவமுள்ள கைகளில் மரண அபாயம் மிகக் குறைவு. ஆனால் அறவே இல்லையென்று சொல்வது பொய். காய்ச்சல், படபடவென்ற நாடித்துடிப்பு, தாங்கமுடியாத வயிற்றுவலி, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம், ஓயாத வாந்தி ஆகிய ஏதேனும் கண்டால் காலைவரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இவற்றை அறிந்திருக்க வேண்டியவர் நோயாளி மட்டுமல்லர். அவரோடு ஒரே கூரையின் கீழ் உறங்குபவரும்தான்.

முதலாண்டில் எடை வேகமாக இறங்கும், பின்னர் நிற்கும், சில ஆண்டுகளுக்குப் பின் சிறிது ஏறுவதும் சகஜம். ஏறத் தொடங்கியதும் வெட்கத்தால் மருத்துவரையும் கூட்டத்தையும் தவிர்ப்பதே பலர் செய்யும் பெரும் பிழை. துணை மிகவும் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான். அப்போது வருபவரைக் குற்றவாளியாக நடத்தாமல் நோயாளியாக வரவேற்கும் மருத்துவர்களும் தோழர்களுமே உண்மையான துணைவர்கள்.

ஆகையால் இந்த அறுவையைப் பற்றி யோசிக்கும் அன்பர்களுக்கு நான் கூறக்கூடியது இதுவே: ஒரு தாளில் மூன்று பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் எந்தச் சந்தேகத்தையும் தயங்காமல் கேட்கக்கூடிய ஒருவர். வீட்டில் உங்கள் நியமத்தைத் தம் நியமமாக ஏற்கக்கூடிய ஒருவர். இதே அறுவையைச் செய்துகொண்டு சில ஆண்டுகள் வாழ்ந்து கண்ட ஒருவர். மூன்றும் நிரம்பும்வரை நாள் குறிக்க அவசரம் வேண்டியதில்லை.